தெரியுமா? கட்டைவிரல் நீள லக்கும் 200 ஆம்பியரும்!

கார் சாவியைத் திருகியதும் செல்ப் மோட்டார் ‘கிர்ர்’ என்று சுற்றி இன்ஜினைக் கிளப்பிவிட்டு ஓய்ந்துவிடுகிறதே, அந்த ஒன்றிரண்டு நொடிக்குள் பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது தெரியுமா? நடுத்தர டீசல் கார் என்றால் 200 ஆம்பியர் சர்வசாதாரணம்! வீட்டில் ஒரு டன் ஏசி ஓடும்போது இழுப்பது 5, 6 ஆம்பியர்தான். முப்பது ஏசி இழுக்கும் மின்னோட்டத்தை உங்கள் கார் ஒற்றைக் கேபிளில் இழுத்துக்கொள்கிறது! அதுவும் மோட்டார் நின்ற நிலையிலிருந்து அசையத் தொடங்கும் அந்த முதல் கணத்தில், இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாய்ந்துவிடும்.

அவ்வளவும் எதன் வழியாகப் போய்வருகிறது? கேபிளின் இரண்டு முனையிலும் மாட்டியிருக்கும், கட்டைவிரல் நீளமே உள்ள ஒரு செம்புத் துண்டு வழியாக! பட்டறையில் அதற்கு லக் என்று பெயர். பேட்டரியைப் பற்றி ஆயிரம் பேர் பேசுவார்கள், செல்ப் மோட்டாரைப் பற்றி நூறு பேர் பேசுவார்கள், லக்கைப் பற்றிப் பேச ஆளே இல்லை. ஆனால் கனமான கேபிளும் லக்கும் ஒன்றோடொன்று சேரும் அந்த ஒரு அங்குல இடத்துக்குள் நடப்பது அத்தனையும் அதிசயம்.

செல்ப் என்பதே இல்லாத காலம் இருந்தது தெரியுமா? காரின் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் செருகி, மூச்சைப் பிடித்துச் சுற்ற வேண்டும். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும்! 1912-இல் அமெரிக்காவின் கேடிலாக் கார்தான் மின்சார ஸ்டார்ட்டரோடு விற்பனைக்கு வந்து இந்தத் தொல்லையை ஒழித்தது. அதை உருவாக்கிய சார்லஸ் கெட்டரிங் அதற்கு முன் எதற்கு மோட்டார் செய்தார் தெரியுமா? கடைகளின் கல்லா இயந்திரத்துக்கு! சின்ன மோட்டாராக இருந்தாலும் சில நொடி மட்டும் அதன் தாங்குதிறனுக்கு மேல் ஓட்டலாம், வெந்துபோவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பது அங்கே அவர் கண்டுகொண்ட சூட்சுமம். அதையே காருக்குக் கொண்டுவந்தார். சென்னை பாடியின் லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டர் மோட்டார்கள் வரை இன்றும் அதே சூட்சுமத்தில்தான் சுற்றுகின்றன. கையில் தூக்கிவிடக்கூடிய மோட்டார், ஆனால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர்!

நூற்றுக்கணக்கில் ஆம்பியர் என்றதும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள், தலை சுற்றும். லக் சேரும் இடத்தில் வெறும் 1 மில்லிஓம் தடை கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். ஓம் என்ற அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு! 200 ஆம்பியர் அதன் வழியே பாய்ந்தால் 0.2 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். 40 வாட் வெப்பம் கிளம்பும். 40 வாட் என்பது ரேடியோ ரிப்பேர் செய்பவர் கையில் இருக்கும் சால்டரிங் அயர்னின் சூடு. அதே இடத்தில் தடை 5 மில்லிஓம் ஆனால்? 1 வோல்ட் போய்விடும், 200 வாட் வெப்பம்! செல்ப் இழுக்கும் நேரத்தில் 12 வோல்ட் பேட்டரி ஏற்கெனவே 10 வோல்ட் அளவுக்கு இறங்கியிருக்கும். அதிலும் 1 வோல்ட்டைப் பிடுங்கிக்கொண்டால் மோட்டார் முனகாமல் என்ன செய்யும்?

இதனால்தான் லாரிக்கும் பஸ்ஸுக்கும் 24 வோல்ட் வைத்தார்கள் தெரியுமா? வோல்ட் இரட்டிப்பானால் அதே திறனுக்குப் பாதி ஆம்பியர் போதும். ஆம்பியர் பாதியானால் கேபிளில் வீணாகும் வெப்பம் பாதியாகும் என்று நினைப்பீர்கள். இல்லை, கால்வாசியாகிவிடும்!

இன்னொன்று கேளுங்கள். லக்குக்குள் நூற்றுக்கணக்கான இழைகள் அறுந்துபோய் ஒரே ஒரு இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரியும்! சின்ன பல்புக்கு அரை ஆம்பியர் போதுமே. ‘கரண்ட் வருது சார், கேபிள் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் புது பேட்டரிக்குச் சீட்டு எழுதுவது இப்படித்தான். சாதாரண மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும் பயனில்லை. மீட்டரின் இரண்டு ஒயர்களுக்கே லக்கின் அந்தச் சில மில்லிஓமைவிடப் பல மடங்கு தடை இருக்கிறது!

இழை என்றேனே, எத்தனை இழை தெரியுமா? டீசல் கார்களில் பரவலாக இருப்பது 35 ஸ்கொயர் எம்எம் கேபிள். 0.4 மில்லிமீட்டர் இழையால் பின்னியிருந்தால் சுமார் 280 இழைகள். வெல்டிங் கேபிள் போல வளைந்து நெளியும் ரகம் என்றால் 0.2 மில்லிமீட்டர் இழை, சுமார் 1,100! குறுக்குப் பரப்பு ஒன்றுதான், செம்பு எடை ஒன்றுதான். ஆனால் இழை மெலிய மெலிய அதிர்வைத் தாங்கும் சக்தி கூடிக்கொண்டே போகிறது. பேட்டரியோ சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, இன்ஜினோ ரப்பர் மேல் ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தொங்கும் கேபிள் நாள் முழுக்க ஆடத்தான் வேண்டும். ஒற்றைத் தடிக் கம்பியாக இருந்தால் சில மாதத்தில் முறிந்து விழும்.

லக் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? உருக்கி வார்ப்பதாக நினைத்திருந்தால், இல்லை! பெரும்பாலான லக்குகள் ஒரு துண்டு செம்புக் குழாய்தான். ஒரு பாதியைத் தட்டையாக நசுக்கி போல்ட்டுக்குத் துளை போட்டால் லக் தயார். அதன் மேல் ‘35-8’ என்று பொறித்திருப்பார்கள். 35 என்பது கேபிளின் ஸ்கொயர் எம்எம். 8 என்பது போல்ட்டின் பருமன். செய்து முடித்ததும் சூடேற்றி மெதுவாக ஆறவிட்டுச் செம்பை மென்மையாக்குவார்கள். கெட்டியான செம்பை அழுத்தினால் அது விட்டதும் நிமிரப் பார்க்கும். மென்மையான செம்பு அழுத்திய இடத்திலேயே அடங்கி நிற்கும். மேலே பளபளவென்று தெரிவது வெள்ளியும் அல்ல, நிக்கலும் அல்ல, சில மைக்ரான் தடிமனில் ஒரு வெள்ளீயப் பூச்சு. செம்பில் களிம்பு ஏறாமல் காப்பது அதுதான்.

செம்பின் மேல் படியும் பழுப்பு நிறப் படலம் என்ன தெரியுமா? குறைக்கடத்தி! நம் போனுக்குள் இருக்கும் சிலிக்கான் எந்த இனமோ அதே இனம். சிலிக்கான் வருவதற்கு வெகு காலம் முன்பே, 1920-களில், செம்புத் தகட்டைச் சுட்டு ஆக்சைடு படியவைத்து, மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் ரெக்டிபையர் செய்தார்கள். அதாவது, பழைய கேபிளை அப்படியே லக்குக்குள் செருகினால் இழைக்கு இழை நடுவே ஒரு குறைக்கடத்திப் படலத்தை வைத்து அடைத்ததாக அர்த்தம். 200 ஆம்பியரை வைத்துக்கொண்டு இந்தப் படலத்தோடு மல்லுக்கட்ட முடியாது. கேபிள் முனையைத் தேய்த்துச் செம்பு சிவக்கப் பளிச்சிடவைத்த பிறகே செருகவேண்டும் என்று நல்ல எலக்ட்ரீஷியன்கள் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

இனி வருவதுதான் உச்சம்! கிரிம்பிங் என்றால் கேபிளை லக்குக்குள் வைத்து நசுக்குவது, அவ்வளவுதானே என்று நினைப்போம். சரியான கிரிம்பிங்கில் செம்பு செம்போடு ஒட்டியே போகிறது தெரியுமா? நெருப்பில்லாமல், உருகாமல்! இதற்குக் குளிர்வெல்டிங் என்று பெயர். 1724-லேயே லண்டனில் ஜான் தியோபிலஸ் டெசாகுலியர்ஸ் இதைக் காட்டிவிட்டார். இரண்டு காரீயக் குண்டுகளின் ஓரத்தைக் கொஞ்சம் சீவிப் புதுப் பரப்பை வெளிக்கொண்டுவந்து, ஒன்றோடொன்று வைத்துத் திருகி அழுத்தினார். அவை ஒட்டிக்கொண்டன! பிரிக்க எடை கட்டித் தொங்கவிட வேண்டியிருந்தது. உலோகத்துக்குத் தான் தனித்தனித் துண்டு என்பது தெரியாது. நடுவே ஆக்சைடும் அழுக்கும் இல்லாவிட்டால் ஓர் அணு பக்கத்து அணுவைப் பற்றிக்கொள்ளும்.

கிரிம்பிங் கருவியின் டை எனும் அச்சு அழுத்தும்போது லக்குக்குள் நடப்பதும் இதுவே. முதலில் இழைகளுக்கு இடையே இருக்கும் காற்று பிதுங்கி வெளியேறுகிறது. பிறகு இழைகள் ஒன்றையொன்று உராய்ந்துகொண்டு நீள்கின்றன. நீளும்போது செம்பு வளைந்துகொடுக்கிறது, மேலே படிந்த ஆக்சைடு வளையத் தெரியாமல் உடைந்து நொறுங்குகிறது. நொறுங்கிய இடுக்குகள் வழியே காற்றையே கண்டிராத புதுச் செம்பு பிதுங்கி வந்து பக்கத்துப் புதுச் செம்போடு சேர்ந்துவிடுகிறது! நன்றாகக் கிரிம்ப் செய்த லக்கைக் குறுக்கே அறுத்து மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வட்ட வட்டமாக இருந்த இழைகள் எல்லாம் அறுகோணமாக நெருங்கி, தேன்கூட்டை அறுத்து வைத்தது போலத் தெரியும். இடையில் ஊசி முனைக்கும் இடமில்லை. காற்றே புகாத இடத்தில் களிம்பு எப்படி ஏறும்?

தொடுவது என்பதையே புரட்டிப்போட்ட ஒருவர் இருந்தார் தெரியுமா? ராக்னார் ஹோல்ம் என்ற ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர். இரண்டு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும், உண்மையில் நுண்ணிய மேடுகளின் உச்சிகள் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. மின்னோட்டம் முழுதும் அந்தச் சில புள்ளிகள் வழியாகத்தான் நெருக்கியடித்துப் போகிறது என்று விளக்கியவர் அவர். பரப்பு பெரிதாக இருந்தால் தொடுதல் அதிகம் என்பது தவறு. எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு தொடுதல்! அவர் பெயரிலேயே மின் தொடர்புகளுக்கென ஓர் ஆய்வு மாநாடு இன்றும் நடந்துவருகிறது.

அப்படியானால் எவ்வளவு அழுத்தவேண்டும்? சுத்தியலும் உளியும் போதுமா? போதவே போதாது! உளியால் ஒரு அடி அடித்தால் அந்த ஒரு இடம் மட்டும் பள்ளமாகும். அதன் இரு பக்கமும் இழைகள் தளர்ந்தே கிடக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அந்த இடுக்கில் புகுந்தால் உள்ளிருந்தே பச்சை பூக்கும். கனமான லக்குக்கு டன் கணக்கில் அழுத்தம் கொடுக்கும் ஹைட்ராலிக் கருவி இருக்கிறது. கையால் பம்ப் அடிக்கும் சின்னக் கருவியே பல டன் அழுத்தும்! அதற்கான அறுகோண டைகளுக்கு எண்கள் உண்டு. டிஐஎன் 46235 என்ற ஜெர்மானியத் தரநிலைப்படி 35 ஸ்கொயர் லக்குக்கு 12-ஆம் எண் டை, 50-க்கு 14, 70-க்கு 16. அந்த எண்ணை லக்கின் மேலேயே பொறித்துவிடுகிறார்கள். இந்த எண் பொருந்தாமல் ஒரு படி பெரிய டையில் அழுத்தினால் இழை தளரும். ஒரு படி சிறியதில் அழுத்தினால் செம்பு பக்கவாட்டில் பிதுங்கி இழைகளை வெட்டும். உள்ளே இழை தளர்ந்ததும் வெட்டுப்பட்டதும் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து.

சரியாகக் கிரிம்ப் செய்த 35 ஸ்கொயர் கேபிளைப் பிடித்து இழுத்தால் எவ்வளவு தாங்கவேண்டும் தெரியுமா? மின்கேபிள் இணைப்புகளுக்கான ஐஇசி 61238 தரநிலை, செம்புக்கு ஒவ்வொரு ஸ்கொயர் எம்எம்முக்கும் 60 நியூட்டன் என்கிறது. பெருக்கிப் பாருங்கள்: 2,100 நியூட்டன், அதாவது 210 கிலோவுக்கு மேல். மூன்று பேர் தொங்கினாலும் கேபிள் லக்கை விட்டுக் கழலக்கூடாது! அதோடு விடவில்லை, சூடேற்றி ஆறவிட்டு, சூடேற்றி ஆறவிட்டு, 1,000 முறை சோதிக்கச் சொல்கிறது.

இங்கே ஈயக் கட்சிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். ‘கிரிம்ப் எல்லாம் வெறும் நசுக்கல். ஈயம் ஊற்றினால்தான் உறுதி’ என்பார்கள். அவர்கள் பக்கமும் ஓர் ஆச்சரியமான உண்மை இருக்கிறது. சால்டரிங் ஈயம் மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பைவிடச் சுமார் 8 மடங்கு மோசம். ஆனாலும் ஈயம் ஊற்றிய லக்கில் அதனால் வரும் தடை ஒன்றுமே இல்லை! காரணம், மின்னோட்டம் ஈயத்தின் நீளவாக்கில் போவதில்லை. செம்பிலிருந்து செம்புக்கு, முடியளவு தடிமனுள்ள ஈயப் படலத்தைக் குறுக்கே கடக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தடை, அதே கேபிளில் ஒரு சென்டிமீட்டர் துண்டின் தடையைவிடப் பல மடங்கு குறைவு. ஈயம் கரண்ட்டை மறிக்கும் என்று சொல்பவர் சொல்வது சரியல்ல.

பிறகு ஈயத்தின் குறை எங்கே? மூன்று இடத்தில். முதலாவது சூடு. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த ஈயம் 183 டிகிரியில் உருகிவிடும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும்! எங்காவது ஒரு நட் தளர்ந்து லக் சுட ஆரம்பித்தால், கிரிம்ப் செய்த முனை தாங்கிக்கொள்ளும், ஈயத்தை மட்டும் நம்பிய முனை வழிந்து கழன்றுவிடும். இரண்டாவது, மெல்ல நகர்தல். உலோகங்கள் தங்கள் உருகுநிலையில் பாதியை, தனிப்பூஜ்யத்திலிருந்து எண்ணும் கெல்வின் அளவில், தாண்டிவிட்டால் அழுத்தத்துக்கு மெல்ல மெல்ல ஒழுகத் தொடங்கும். ஈயத்துக்கு நம் ஊர்ச் சாதாரண வெயிலே அந்தப் பாதியைத் தாண்டிய சூடு! செம்புக்கோ அது உருகுநிலையில் கால்வாசிகூட இல்லை. அதனால்தான், கேபிள் முனைக்கு முதலில் ஈயம் பூசிவிட்டுப் பிறகு கிரிம்ப் செய்யவே கூடாது. அன்று இறுக்கமாக இருக்கும். மாதங்கள் போகப் போக ஈயம் விலகிக்கொடுத்து லக் தானே தளரும். நாசா தன் 8739.4 தரநிலையில், ஈயம் தோய்த்த இழைக் கம்பியைக் கிரிம்ப் செய்வதற்குத் தடையே போட்டிருக்கிறது தெரியுமா?

மூன்றாவதுதான் வண்டிக்கு எமன். உருகிய ஈயம் லக்கோடு நிற்காது; இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடுக்குகளில் தானாக உறிஞ்சப்பட்டு ஏறும். இன்சுலேஷனுக்கு அடியில் எவ்வளவு தூரம் ஏறியது என்று வெளியிலிருந்து தெரியாது. ஏறிய தூரம்வரை 1,100 இழையும் ஒரே கட்டிக் கம்பி! அது முடிந்து, நெளியும் இழை தொடங்கும் அந்த எல்லைக்கோட்டில் இன்ஜினின் அதிர்வெல்லாம் வந்து குவியும். இழைகள் ஒவ்வொன்றாக அங்கேதான் அறும். லக் புத்தம்புதிதாக மின்னும், அதற்கு இரண்டு விரற்கடை தள்ளிக் கேபிள் உள்ளுக்குள் செத்திருக்கும்.

படகுக்காரர்கள் இதை எப்படிக் கையாள்கிறார்கள் தெரியுமா? படகு என்றால் அதிர்வும் உண்டு, உப்பும் உண்டு. அமெரிக்கப் படகுக் கழகமான ஏபிஒய்சி, எந்தச் சுற்றிலும் ஈயம் மட்டுமே பிடிப்பாக இருக்கக்கூடாது என்று விதித்திருக்கிறது. ஆனால் பேட்டரி லக்குக்கு மட்டும் ஒரு விலக்கு கொடுத்திருக்கிறது: ஈயம் பிடித்திருக்கும் நீளம், கம்பியின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கவேண்டும். ஆகவே ஈயம் பாவமல்ல. ஒழுங்காக ஊற்றத் தெரியவேண்டும்.

ஊற்றுவது எப்படி? 25 வாட் அயர்னை வைத்து நாள் முழுக்கத் தேய்த்தாலும் 35 ஸ்கொயர் லக்கில் ஈயம் பிடிக்காது. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு மகா கெட்டிக்காரன். கொடுக்கும் சூட்டையெல்லாம் கேபிள் வழியே ஓடவிட்டுவிடும். கேபிளை வண்டியிலிருந்து கழற்றி வெளியே கொண்டுவந்து, லக்கை நிமிர்த்தி வைஸில் பிடித்து, கேஸ் டார்ச்சால் லக்கின் வெளிப்பக்கத்தைச் சூடாக்கவேண்டும். சுடர் ஈயத்தில் படக்கூடாது. லக்கின் சூட்டில் ஈயம் தானே உருகவேண்டும். கேபிளின் இன்சுலேஷனைச் சுற்றி ஈரத்துணி கட்டினால் ஈயம் மேலே ஏறுவது மட்டுப்படும். பேட்டரி பக்கத்தில் இந்த வேலையே கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். காற்றில் அது 4 சதவீதம் இருந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கும்! ஈயம் ஒட்ட உதவும் பிளக்ஸ் விஷயத்திலும் கண்டிப்பு வேண்டும். பைன் மரப்பிசினிலிருந்து எடுக்கும் ரோசின் பிளக்ஸ் தொல்லை தராது. தகர வேலைக்கு ஊற்றும் துத்தநாகக் குளோரைடு அமிலப் பிளக்ஸை இங்கே ஊற்றினால், அது இழைகளுக்குள் ஒளிந்துகொண்டு ஈரத்தை இழுத்து வருடக்கணக்கில் செம்பைத் தின்னும்.

கிரிம்பிங் இவ்வளவு பரவியதற்கு ஒரு போர் காரணம் தெரியுமா? இரண்டாம் உலகப்போரில் விமானமும் கப்பலும் ஆயிரக்கணக்கில் கட்டவேண்டியிருந்தது. ஒவ்வொரு ஒயர் முனைக்கும் உட்கார்ந்து ஈயம் பற்றவைக்க நேரமேது? 1941-இல் அன்கஸ் விட்டேக்கர் அமெரிக்காவில் தொடங்கிய ஏஎம்பி நிறுவனம், ஈயமே தேவையில்லாத டெர்மினல்களை அந்த விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் கொடுத்து வளர்ந்தது. நம் டூ வீலர் ஒயரிங்கில் ‘டக்’கென்று மாட்டும் டெர்மினல்வரை எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

லக்கின் கழுத்தை மூடும் கறுப்பு ஸ்லீவ், சூடு பட்டதும் தானாகச் சுருங்கி இறுகுகிறதே, அது எப்படி? கதிர்வீச்சால்! பிளாஸ்டிக் குழாயின் மேல் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். பிறகு சூடாக்கி, இழுத்துப் பெரிதாக்கி, அப்படியே குளிரவைத்துவிடுவார்கள். மறுபடி சூடு காட்டும்போது குழாய்க்குத் தன் பழைய அளவு ‘ஞாபகம்’ வந்துவிடுகிறது! 1957-இல் பால் குக் அமெரிக்காவில் தொடங்கிய ரேக்கெம் நிறுவனம் இதை வைத்தே பெரிய தொழிலாக வளர்ந்தது. வாங்கும்போது உட்புறம் பசை தடவிய ரகமாகக் கேட்டு வாங்குங்கள். பசை உருகி இடுக்கை அடைத்துவிட்டால் பேட்டரி அமிலமும் மழைநீரும் உள்ளே போகாது.

லக் அருமையாக அமைந்துவிட்டது. இனி போல்ட்டில் மாட்டவேண்டியதுதானே? இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது! வாஷர் எங்கே போடுகிறீர்கள்? லக்குக்குக் கீழே ஒரு ஸ்டீல் வாஷர் வைத்தால் 200 ஆம்பியரும் அந்த ஸ்டீலைக் கடந்தாக வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செம்பைவிடச் சுமார் 40 மடங்கு தடை கொண்டது! லக் நேராகப் போய் உட்கார வேண்டும். வாஷர் அதற்கு மேலே, நட் அதற்கும் மேலே. வாசலின் தடவுவதை மட்டும் இறுக்கிய பிறகு செய்தால் போதும். அது மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் காற்றையும் அமில ஆவியையும் அண்டவிடாது.

பேட்டரியின் பிளஸ் முனை, மைனஸ் முனையைவிடத் தடிமன் தெரியுமா? எஸ்ஏஇ என்ற தரநிலையின் அளவுப்படி உச்சியில் பிளஸ் 17.5 மில்லிமீட்டர், மைனஸ் 15.9. மாற்றி மாட்டிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு! மைனஸ் கிளாம்ப் பிளஸ் மேல் இறங்கவே இறங்காது. சுத்தியலால் தட்டி இறக்குபவர்களைக் கண்டால் ஓடிப்போய்த் தடுங்கள்.

எர்த் கேபிளை யாரும் மதிப்பதில்லை. ஆனால் பிளஸ் வழியாகப் போன 200 ஆம்பியரும் எர்த் வழியாகத்தான் திரும்பவேண்டும். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் இருப்பதால் அதற்கும் சட்டத்துக்கும் நடுவே தனியாக ஒரு எர்த் பட்டை உண்டு. அதன் லக் விட்டுப்போனால் மின்னோட்டம் என்ன செய்யும் தெரியுமா? கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் என்று கிடைத்த இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பும்! செல்ப் அடிக்கும்போது அந்தக் கேபிள் பழுக்கக் காய்ந்து, உறை உருகி, உள்ளே சிக்கிக்கொள்ளும். கிளட்ச் கேபிள் அடிக்கடி எரிந்துபோகிறது என்று மாற்றிக்கொண்டே இருக்கும் வண்டிகளில் ஒரு முறை எர்த் லக்கைப் பாருங்கள்.

விபத்து நேர்ந்தால் தானே வெடித்துக்கொள்ளும் பேட்டரி டெர்மினலும் இருக்கிறது! பிஎம்டபிள்யூ கார்கள் பலவற்றில் பேட்டரி டிக்கியில் இருக்கும். அங்கிருந்து செல்ப்வரை காரின் நீளம் முழுக்கத் தடிக் கேபிள் ஓடும். கார் மோதி அந்தக் கேபிள் நசுங்கினால் தீ பிடிக்கும் அல்லவா? ஏர்பேக்கை விரிக்கும் அதே கட்டளை, டெர்மினலுக்குள் இருக்கும் சிறு வெடிமருந்தைக் கொளுத்தி, கேபிளைப் பேட்டரியிலிருந்து நொடியின் மிகச் சிறு பங்குக்குள் பிரித்து எறிந்துவிடும். விளக்கும் கதவுப் பூட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

மின்சார கார்களில் கதை இன்னும் ஒரு படி தாவிவிட்டது. அங்கே ஆரஞ்சு நிறக் கேபிள், 400 வோல்ட், 800 வோல்ட். எடை குறைக்க அலுமினியக் கேபிளும் வருகிறது. அலுமினியத்தின் மேல் நொடியில் படியும் ஆக்சைடு, சாதாரண ஈயத்தை அண்டவே விடாது. அதனால் நொடிக்கு 20,000 முறை அதிரும் கருவியை வைத்து, உருக்காமலேயே தேய்த்து ஒட்டிவிடுகிறார்கள். டெசாகுலியர்ஸ் திருகி அழுத்திய அதே வித்தை!

இத்தனையும் பார்த்தபின் என் வாக்கு கிரிம்பிங்குக்கே. பொருத்தமான லக், எண் பொருந்திய டை, மேலே பசை ஸ்லீவ்; வண்டிக்கு இதைவிட நல்ல முனை இல்லை. கருவியே கிடைக்காத இடத்தில் ஈயம் ஊற்றலாம், ஆனால் லக்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கேபிளை ஆடாமல் கிளிப் போட்டுக் கட்டியாகவேண்டும்.

உங்கள் வண்டியின் லக் எப்படி இருக்கிறது என்று இன்றே பார்த்துவிடலாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் ஈயக் குமிழ் மேலேயே வையுங்கள், கிளாம்ப் மேல் அல்ல. இன்னொரு முனை செல்ப் மோட்டாரின் போல்ட்டில். வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு, ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். பிறகு பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே அதையே செய்யுங்கள். நல்ல கேபிளில் எண் 0.2, 0.3-ஐத் தாண்டாது. 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் புது பேட்டரிக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் லக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.